பதினாறும் பதினெட்டும்



மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு உரிய வயது எது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் எவரும் தயங்காமல் பதினெட்டு என்று விடையிறுப்பர். அந்தப் பதினெட்டு எப்பொழுது வந்தது, அதனுள்ளே பதினாறு என்ற ஒரு சிறு வாயில் எதற்காகத் திறக்கப்பட்டது, இன்று அவ்வாயிலின் வழியே எவரேனும் நுழைய இயலுகிறதா என்று மேலும் கேட்டால், படித்தவர்களும் சற்றே விழிக்கின்றனர். ஊத்தங்கரை வட்டத்துச் சாமல்பட்டியைச் சேர்ந்த நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அந்தச் சிறு வாயிலுக்குப் பொருத்தமான வண்டியைச் செய்து நாட்டுக்கு அளித்தது எங்கள் பகுதி. அந்த வாயிலைப் பொருளற்றதாக்கும் வண்டிகளை இன்று செய்துகொண்டிருப்பதும் எங்கள் பகுதியே.

மோட்டார் வருவதற்கு முன்னர் வண்டி ஓட்டுவதற்கு வயது என்று ஒன்று இருந்ததில்லை. போச்சம்பள்ளிச் சந்தைக்குச் செல்லும் மாட்டு வண்டியின் நுகத்தடிக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அமர்ந்திருப்பான். தந்தை பின்னால் மூட்டைகளின்மேல் சாய்ந்து உறங்குவார். அதனை யாரும் குற்றமாகக் கருதவில்லை. கருதவேண்டிய தேவையும் இல்லை. சிறுவன் கண்ணயர்ந்தாலும் மாடு கண்ணயராது. பள்ளத்தைக் கண்டால் அது தானே ஒதுங்கும். எதிரே வண்டி வந்தால் தானே நிற்கும். ஓட்டுபவனின் அறிவோடு இழுப்பதன் அறிவும் சேர்ந்திருந்த காலம் அது. மோட்டார் வண்டியில் அந்த இரண்டாவது அறிவு இல்லை. முழுப் பொறுப்பும் ஓட்டுபவன்மேல் விழுந்தது. ஆகவேதான், அவன் யார், அவனுக்கு வயது என்ன என்னும் கேள்வி, மோட்டார் வண்டியோடு சேர்ந்தே பிறந்தது.

இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் இயற்றப்பட்டது. கார் ஓட்டுவதற்குப் பதினேழு வயது என்றும், மோட்டார் சைக்கிளுக்குப் பதினான்கு போதும் என்றும் அது வகுத்தது. ஐந்து ஷில்லிங் கட்டணம் செலுத்தினால் உரிமம் கையில் கிடைக்கும். ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்! ஓட்டிக் காட்டும் தேர்வு அந்நாட்டில் கட்டாயமானது 1935இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வயதைத் தவிர வேறு அளவுகோல் ஏதும் அங்கே பெரிதாக இருந்ததில்லை.

நம் நாட்டில் தொடக்கத்தில் மாகாணங்கள் தனித்தனியே விதிகளை வகுத்துக்கொண்டன. நாடு முழுமைக்கும் பொதுவாக 1914ஆம் ஆண்டு இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் வந்தபொழுது, பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டும் வயது பதினெட்டு என்று வரையறுக்கப்பட்டது. ஆண்ட நாட்டில் பதினேழும் பதினான்குமாக இருக்க, ஆளப்பட்ட நாட்டில் பதினெட்டு. இந்த வேறுபாடு நமக்கு நன்மையாகவே முடிந்தது என்று நான் எண்ணுகிறேன். பின்னர் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதினெட்டை அப்படியே ஏற்று, சரக்கு லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கு இருபது வயது என்று மேலும் ஒரு படி வைத்தது. உரிய வயதும் உரிமமும் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுக்கும் உரிமையாளனும் பொறுப்பாளி என்று அச்சட்டம் கூறியது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை செய்த பிழைக்குப் பெற்றோரைப் பிடிப்பது என்ன புதிய வழக்கம் என்று இன்று சிலர் வியக்கிறார்கள். அதன் வேர் 1939இலேயே ஊன்றப்பட்டது.

அச்சட்டம் 1939 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை நீக்கி வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இவ்வரை நூற்றாண்டில் சாலைகளும் வண்டிகளும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. பதினெட்டு மட்டும் மாறவில்லை. இது நடுவண் சட்டமாகையால், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் மொழியும் பேருந்தின் நிறமும் மாறும், வயது மாறாது.

இங்கே ஒரு பள்ளி ஆசிரியனுக்கே தோன்றும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டம் பதினெட்டு என்கிறது. பதினெட்டு ஆயிற்று என்பதற்குச் சான்று என்ன? நெடுங்காலமாகச் சான்று பள்ளிச் சான்றிதழே. பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் எப்படி ஏறியது தெரியுமா? பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கக் கொண்டுவருவார்கள். வலக்கையைத் தலைக்குமேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது. 'எப்போது பிறந்தான்?' என்று கேட்டால், 'மாரியம்மன் திருவிழாவுக்கு மறுவாரம்', 'பெருமழை பெய்த ஆண்டு' என்று விடை வரும். பள்ளி திறப்பது ஜூன் மாதம். ஆகவே மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு நாளைத் தலைமையாசிரியர் எழுதிக்கொள்வார். என்னோடு படித்தவர்களில் பலருக்கு ஏறத்தாழ ஒரே வாரத்தில் பிறந்தநாள் வருவதன் இரகசியம் இதுதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்து, ஊர்தோறும் பதிவு நிலைபெறும்வரையில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டப்பட்ட பதினெட்டு, பல வேளைகளில் ஒரு காதும் ஒரு பேனாவும் சேர்ந்து முடிவுசெய்த பதினெட்டே ஆகும். நம் கோடு எவ்வளவு தளர்வாக வரையப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இன்று பிறப்புச் சான்றிதழும் ஆதார் அட்டையும் இருக்கின்றன. இப்போதுதான் அந்தக் கோடு உண்மையிலேயே கோடாகியிருக்கிறது.

இனி, பதினாறின் கதைக்கு வருவோம்.

1972இல் புனே நகரில் லூனா என்னும் சிறு மொபெட் வெளிவந்தது. 1980இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு, இருவர் அமர்ந்து செல்லத்தக்க ஒரு மொபெட்டை வெளியிட்டது. அதுதான் டி.வி.எஸ். 50. அதே 1980இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் ஓசூரில் தொடங்கிற்று. அந்நாளில் தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த அவ்வூர், ஒரே ஆண்டில் நாட்டின் மிகப் பெரிய வண்டிகளில் ஒன்றையும் மிகச் சிறிய வண்டிகளில் ஒன்றையும் செய்யும் ஊராகிவிட்டது. லாரியைவிட நாட்டுப்புறத்தை மாற்றியது மொபெட்தான். பால்காரர் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டார். உழவர் புல்லுக்கட்டை ஏற்றினார். ஆசிரியர் மனைவியைப் பின்னே அமர்த்திக்கொண்டு பக்கத்து ஊர்த் திருமணத்துக்குச் சென்றார்.

ஐம்பது என்பது இங்கே ஐம்பது சி.சி.; அதாவது ஐம்பது கன சென்டிமீட்டர். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் ஒருமுறை நகரும்போது கடக்கும் இடத்தின் கொள்ளளவு அது. காபித் தம்ளரில் பாதியை நிரப்பினால் அவ்வளவுதான் இருக்கும். அந்த அளவு எஞ்சினைக்கொண்டு அன்று மிக விரைவாகச் செல்ல இயலாது. மேட்டில் ஏறும்போது காலால் மிதித்தும் உதவலாம். மோட்டார் வண்டிக்கும் மிதிவண்டிக்கும் இடைப்பட்ட ஒன்று என்றே மக்கள் அதனைக் கருதினர்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட எளிய வண்டிகளை மனத்தில் கொண்டு ஒரு விதிவிலக்கை வைத்தது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயது நிறைந்தவர் ஓட்டலாம் என்பது அது. பெற்றோர் அல்லது காப்பாளர் எழுத்து மூலம் இசைவு தரவேண்டும். கியர் இல்லை என்றால் எளிய வண்டி, எளிய வண்டி என்றால் மெதுவான வண்டி என்பது சட்டம் எழுதியவர்களின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எழுதும்போதே பிழைத்துவிட்டது. 1984 முதலே கைனடிக் ஹோண்டா என்னும் ஸ்கூட்டர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கியர் இல்லை. எஞ்சினோ 98 சி.சி. சட்டத்தின் சொற்படி பார்த்தால் பதினாறு வயதுப் பிள்ளை அதனையும் ஓட்டலாம். இந்த ஓட்டையை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. 'கியர் இல்லாத' என்னும் சொற்கள் நீக்கப்பட்டு, 'ஐம்பது சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட' என்னும் சொற்கள் வைக்கப்பட்டன. ஓட்டை அடைபட்டது உண்மை. ஆனால் சட்டம் தன்னை ஒரு குறிப்பிட்ட எஞ்சினோடு கட்டிப்போட்டுக்கொண்டது.

வண்டி செய்வோர் அந்த எஞ்சினோடு நின்றுவிடவில்லை. வாங்குவோர் ஆற்றல் மிகுந்த வண்டியைக் கேட்டனர். புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் ஆண்டுக்காண்டு கடுமையாயின. ஓசூரில் ஐம்பதாகத் தொடங்கிய மொபெட்டே முதலில் எழுபதை எட்டியது. 2015இல் ஏறத்தாழ நூறு சி.சி. ஆயிற்று. மாணவியர் விரும்பி ஓட்டும் ஸ்கூட்டர்கள் இன்று பெரும்பாலும் 110 சி.சி., 125 சி.சி. அளவின. புதிய ஐம்பது சி.சி. பெட்ரோல் வண்டியைக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது. ஆக, பதினாறு வயதில் உரிமம் உண்டு. அவ்வுரிமத்துக்குரிய வண்டிதான் இல்லை! சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டை இடித்ததுபோன்ற நிலை இது.

2021 முதல் கதை இன்னொரு திருப்பம் கண்டது. போச்சம்பள்ளிக்கு அருகே ஓலா நிறுவனமும், ஓசூரில் ஏத்தர் நிறுவனமும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்யத் தொடங்கின. மின்வண்டிக்குச் சிலிண்டரே இல்லை. சிலிண்டர் இல்லாத வண்டியைச் சி.சி. கொண்டு எப்படி அளப்பது? படியைக் கொண்டு துணியை அளக்க முற்படுவது போன்றது அது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்போகாத, கால் கிலோவாட்டுக்கு உட்பட்ட ஆற்றலுள்ள, எடை குறைந்த மின்வண்டியை மோட்டார் வண்டியாகவே கருதுவதில்லை என்று மத்திய விதிகள் கூறுகின்றன. அதற்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டவை மோட்டார் வண்டிகளே. சத்தமில்லாமல் செல்வதனால் அதன் வேகம் குறைந்துவிடாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டு இறுதியில், பதினாறு வயதினர் ஓட்டத்தக்கது மிதிகட்டையுள்ள ஐம்பது சி.சி. மொபெட் மட்டுமே என்று விதி செய்தனர். அதுவரை 250 சி.சி. வண்டிகளையும் அவ்வயதினர் ஓட்டிவந்தனர். விதி வந்ததும் வண்டி செய்வோர் என்ன செய்தனர்? பெயருக்கு மிதிகட்டை வைத்து, ஐம்பது சி.சி.க்குள்ளேயே மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வண்டிகளைச் செய்து விற்றனர். ஜப்பானின் யமஹா நிறுவனம் செய்த எஃப்.எஸ்.1-இ என்னும் வண்டி அந்நாட்டுப் பதினாறு வயதினரிடையே பெரும் புகழ் பெற்றது. சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைப் போக்கும் கலையில் வணிகர்கள் எங்கும் வல்லவர்களே. ஆறு ஆண்டு பொறுத்துப் பார்த்த அரசு, 1977இல் அளவுகோலையே மாற்றியது. மொபெட் மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல் செல்லாதவாறு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றது. எஞ்சினின் பருமனை விட்டு வேகத்தைப் பிடித்தார்கள். நாம் இன்னும் பருமனையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் குறை.

வேகத்தைப் பிடிப்பது ஏன் முறை என்பதற்கு உங்கள் இயற்பியல் பாடமே விடை தரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் கடக்கிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஏறத்தாழப் பதினேழு மீட்டர் கடக்கிறார். எதிரே ஓர் ஆடு குறுக்கிட்டதைக் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். அதுவரை வண்டி சற்றும் வேகம் குறையாமல் செல்கிறது. பின்னர் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அதே வர்க்கம் கிருஷ்ணகிரிச் சாலையிலும் செல்லுபடியாகும் என்பதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் அவ்வாண்டில் நம்முடையதே. மாண்டவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். மிக வேகமாக ஓடும் சாலைகள் சந்திக்கும் இடத்தில் எங்கள் மாவட்டம் அமைந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையும், பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையும், புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக வரும் சாலையும் கிருஷ்ணகிரியில் ஒன்றுகூடுகின்றன. ஆலைக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரியும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் வண்டியும் ஒரே தாரின்மேல் ஓடுகின்றன.

இந்த நிலையில்தான் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. உரிய வயதில்லாப் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், காப்பாளரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகவே கருதப்படுவர். மூன்று ஆண்டு வரை சிறை. இருபத்தையாயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கம். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது நிறையும்வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுப்பதற்கு உரிய முயற்சி எடுத்தோம் என்றோ மெய்ப்பிக்கும் பொறுப்பும் பெரியவர்களுடையதே. கடுமையான சட்டம்தான். கடுமை வேண்டியதே என்பது என் கருத்து. இங்கே வீடுகளில் நடப்பது என்ன? தந்தை ஆலை வேனில் ஏறி ஓசூருக்கு வேலைக்குச் சென்றுவிடுகிறார். வண்டி வாசலில் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. சிறப்பு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பேருந்து போய்விட்டது. தாயே சாவியை எடுத்துக் கொடுக்கிறாள். அவள் கெட்டவள் அல்லள். மகளின் படிப்பு கெடக்கூடாது என்று நினைக்கிறாள். அவளிடம் போய்ப் பிரிவு எண்ணைச் சொல்லி அச்சுறுத்துவதனால் மட்டும் பயன் விளையாது. அந்த நேரத்துக்கு ஒரு பேருந்தும் வேண்டும்.

2024 மே மாதம் புனே நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம். பதினேழு வயது இளைஞன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் மாண்டனர். சிறார் நீதிக் குழுமம் அவனைப் பிணையில் விட்டது. அதற்கு வைத்த நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்தெழுந்தது. பிறகு குழுமம் தன் ஆணையை மாற்றி அவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பியது. அடுத்த மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அவனை விடுவிக்க ஆணையிட்டது. சட்ட நுணுக்கங்களை நான் ஆராயப் புகவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். கட்டுரை என்பது நிகழ்வதற்கு முன்னே எழுதவேண்டியது. இரண்டு உயிர் போன பின்னர் எழுதும் முந்நூறு சொற்களை எந்த ஆசிரியரும் திருத்த முடியாது.

அப்படியானால் வயதைக் கூட்டிவிடலாமா, குறைத்துவிடலாமா என்று கேட்பீர்கள். நியூசிலாந்து நாடு இக்கேள்வியை வேறு விதமாக அணுகியது. 1987இல் அந்நாடு உரிமத்தைப் படிப்படியாக வழங்கத் தொடங்கியது. முதலில் பழகுநர், அடுத்தது கட்டுப்பாடுள்ள உரிமம், பின்னர் முழு உரிமம். நடுப்படியில் இருப்பவர், தகுந்த பெரியவர் உடனில்லாமல், இரவு பத்து மணிக்குமேல் அதிகாலை ஐந்து மணிவரை ஓட்டக்கூடாது. தோழர்களை ஏற்றிச் செல்லவும் கூடாது. இவ்விரு கட்டுப்பாடுகளும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தவை அல்ல. உரிமம் பெற்றுத் தனியே ஓட்டும் முதற்சில மாதங்களே மிக ஆபத்தானவை என்பதும், இளைஞரின் வண்டியில் ஒத்த வயதுத் தோழர் ஏறினால் ஆபத்து மிகுகிறது என்பதும் ஆராய்ச்சிகள் கண்ட முடிவுகள். தனியே செல்லும்போது அடக்கமாகச் செல்லும் பையன், பின்னால் இருவர் ஏறிக்கொண்டால் எப்படிச் செல்கிறான் என்பதை எந்த ஊரிலும் பள்ளி விடும் நேரத்தில் பார்க்கலாம். நியூசிலாந்து பழகுநர் வயதைப் பதினைந்திலிருந்து பதினாறாக உயர்த்தியது 2011இல். அதற்குள் படிமுறை வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் பதினெட்டு நூறாண்டுக்கு மேல் நிலைத்த எண். அதனை அசைக்கத் தேவையில்லை என்றே கருதுகிறேன். ஆனால் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையே நிற்கும் மாணவனுக்குச் சட்டம் கொடுத்த வாயில் வெறும் படமாகிவிட்டது. ஒன்று, அதனை மூட வேண்டும். இல்லையேல், எஞ்சினின் அளவை நீக்கிவிட்டு வேகத்தின் அளவைக்கொண்டு அதனைத் திருத்தி எழுத வேண்டும். 1994இல் சில சொற்களை மாற்றியதுபோல இன்னொரு முறை மாற்றினால் போதும்.

அதுவரை, பதினாறு வயதில் என்னதான் இருக்கிறது? தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. பதினொன்றாம் வகுப்பு என்றால் ஏறத்தாழப் பதினாறு வயது. எந்தச் சட்டமும் ஆராயாமலே, சரியான வயதுக்குச் சரியான வண்டி வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளி வளாகத்தில் வரிசையாக நிறுத்தி வழங்கும் அந்த நீல நிற வண்டிகளில் சில, ஓரிரு மாதத்தில் சங்கிலி அறுந்து வீட்டுச் சுவரோரம் சாய்ந்துவிடுகின்றன என்பதும் உண்மை. சங்கிலியை மாற்றுவதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. சாமல்பட்டியிலேயே மாற்றித் தருவார்கள்.